பத்தே முக்கால் நல்ல நேரம்

நேரம் பார்க்கும் விஷயத்தில் என் அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். புக்கிட் பாத்தோக்கில், பன்னிரண்டாவது மாடியில் இருந்த எங்கள் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தபோது, தூக்கிவந்த இரண்டு பேரையும் ராகுகாலம் முடியும்வரை வாசலிலேயே நிறுத்திவைத்து ஆளுக்கு ஒரு குவளை மைலோ கொடுத்தார். "ஃபைவ் மினிட்ஸ் லா, ஃபைவ் மினிட்ஸ்" என்று சொல்லிச் சொல்லியே அரை மணி நேரத்தை ஓட்டினார். சமையலறைச் சுவரில், லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் கொடுத்த தினசரி நாட்காட்டி தொங்கும். அதன் தாளைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

நான் தொடக்கநிலை ஆறு படித்த வருடம், அந்த நாட்காட்டியும் பள்ளியின் தேர்வு அட்டவணையும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போவோம் என்பதைத் தீர்மானிக்கும் பெரிய தேர்வு அது. அதில் கணிதம், சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலையில் வந்து விழுந்தது. எனக்கும் கணிதத்துக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளியில் வைத்த முன்னோட்டத் தேர்வில் தோற்றிருந்தேன். அதைச் சொன்ன அன்று, ஜூரோங் கப்பல் பட்டறையிலிருந்து களைத்து வந்திருந்த அப்பா, தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பூஜையன்று சாயங்காலம் அம்மா தெளிவாகத்தான் சொன்னார்.

"பழைய புக்க மட்டும் சாமிகிட்ட வை. நாளைக்கு வேண்டியதெல்லாம் பையில இருக்கட்டும். வெச்சத நாளைக்குப் பத்தே முக்காலுக்கு நல்ல நேரத்துலதான் எடுப்பேன். நேரம் பாக்காம எடுத்தா படிச்சது தங்காது."

பத்தே முக்காலுக்கு நான் தேர்வு மண்டபத்தில் இருப்பேன். அதனால்தான் அந்தக் கட்டளை. ஆனால் தோற்றுப்போன பாடத்துக்கு அல்லவா அருள் தேவை? அம்மா சுண்டல் தாளிக்கப் போன சமயம் பார்த்து என் கால்குலேட்டரை எடுத்துவந்து, சயின்ஸ் புத்தகத்துக்கு அடியில் செருகினேன். விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் உருவிக்கொள்ளலாம் என்பது திட்டம். சரஸ்வதியை நம்பிய அளவுக்கு என் ஞாபகத்தையும் நம்பியதுதான் தப்பு.

காலையில் விபூதி பூசி, தயிர்சாதம் ஊட்டி, வலதுகாலை எடுத்துவைக்கச் சொல்லி அனுப்பினார் அம்மா. அந்தப் பரபரப்பில் கால்குலேட்டர் சுத்தமாக மறந்துபோனது.

முதல் தாளுக்குக் கால்குலேட்டர் கூடாது. ஒருவழியாக எழுதி முடித்தேன். பிறகு ஒரு மணி நேர இடைவேளை. பத்தேகாலுக்கு இரண்டாம் தாள், அதற்குக் கால்குலேட்டர் வேண்டும். கேண்டீனில் உட்கார்ந்து பையைத் திறந்தவளுக்கு அப்போதுதான் அது சாமியிடமே கிடப்பது நினைவுக்கு வந்தது. ஆசிரியரிடம் சொல்லியிருந்தால் இரவலாக ஒன்று கிடைத்திருக்கும். அந்த அளவு புத்தி இருந்திருந்தால் நான் ஏன் கணிதத்தில் தோற்கப் போகிறேன்? அழுதுகொண்டே அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த மலாய்க்கார ஆன்ட்டி நான் சொன்ன வீட்டு எண்ணை அழுத்தித் தொலைபேசியை என் காதில் வைத்தார்.

"அம்மா, கால்குலேட்டர் சாமிகிட்ட இருக்கு. சயின்ஸ் புக்குக்கு அடியில."

திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது.

"நேரம் ஆகாம எடுத்துராதீங்கம்மா. படிச்சது போயிரும்."

"நீ மொதல்ல அழுகைய நிறுத்து. போய்த் தண்ணி குடி. நான் வரேன்."

எங்கள் பள்ளி வீட்டிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தத் தூரம். வாசலில் காவலாளிக்குப் பக்கத்தில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதப்பெட்டியைத் திறக்கக் கீழே இறங்கினால்கூடப் பவுடர் போடுகிற என் அம்மா, நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, காலுக்கு ஒரு செருப்பாக மாற்றி மாட்டிக்கொண்டு, வெயிலில் ஓடிவந்தார். பேருந்துக்குக் காத்திருக்கக்கூட இல்லை. நீட்டிய கையில் கால்குலேட்டர். அதன் நெற்றியில் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம்.

வாங்குவதற்கு முன்னால் கேட்டேன். "பூஜை முடிச்சுத்தான எடுத்தீங்க?"

"முடிச்சாச்சுடி. கற்பூரம் காட்டி, நல்ல நேரத்துலதான் எடுத்தேன்." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "சரஸ்வதியே குடுத்தனுப்பியிருக்கா. போ, போய் எழுது."

மண்டபத்தில், வேறு பள்ளியிலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த சீன ஆசிரியை என் மேசையருகே நின்றார். கால்குலேட்டரில் ஒட்டியிருந்த தேர்வு அனுமதி வில்லையைக் குங்குமம் மறைத்திருந்தது. கட்டைவிரலால் மெல்லத் துடைத்துப் பார்த்தார். விரலை முகர்ந்து, வாசமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்துவிட்டு நகர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு மார்பு நிமிர்கிறது. சந்தனம் இறங்கி ஏழாம் எண் பொத்தான் ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தினேன். என்றைக்கும் என்னை முறைத்துப் பார்க்கிற பின்னக் கணக்குகள் அன்று வாலைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் வந்தன. வழக்கமாக நான் காலியாக விடும் கடைசிக் கணக்கையும் போட்டு, விடையைச் சரிபார்த்து, பேனாவை மூடிவைத்தபோது இன்னும் பத்து நிமிடம் மீதமிருந்தது. சரஸ்வதி வீட்டு ஆளுக்கு என்ன பயம்?

துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா சாமி படத்தின் முன்னால் நின்று, கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. எனக்காக நன்றி சொல்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் நின்று நானும் போட்டுக்கொண்டேன்.

நவம்பரில் முடிவு வந்தது. கணிதத்தில் ஏ. அன்று அப்பா எங்களை லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போய், இரண்டு நெய்த்தோசை சாப்பிட்டுவிட்டு மூன்றாவதும் கேட்டார். நல்ல நேரத்தில் எடுத்த கால்குலேட்டரின் மகிமையை நான் மேசைமேசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா சட்னியையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

போன வருடம் சரஸ்வதி பூஜையன்று என் மடிக்கணினியைச் சாமி முன் வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தேன். மறுநாள் நல்ல நேரம், பத்தே முக்கால். அப்படியே நின்றுவிட்டேன். அன்று பள்ளி வாசலில் கால்குலேட்டர் என் கைக்கு வந்தபோது மணி பத்துகூட ஆகியிருக்கவில்லை. ஃபிரிட்ஜையே அரை மணி நேரம் வாசலில் நிறுத்திய அம்மா, எனக்காக நேரம் பார்க்காமல் சாமியிடமிருந்து எடுத்திருக்கிறார். நான் பயப்படக்கூடாது என்று சந்தனமும் பூசி, பொய்யும் சொல்லியிருக்கிறார். கன்னத்தில் போட்டுக்கொண்டது நன்றிக்கு அல்ல, மன்னிப்புக்கு. அத்தனை கணக்கையும் சரியாகப் போட்ட எனக்கு, பத்துக்குப் பிறகுதான் பத்தே முக்கால் வரும் என்ற கணக்கு மட்டும் அன்று வரவில்லை.