சப்பாத்துப் போட்ட ஓய்வு

இதயத்தில் அடைத்திருந்த குழாயைத் திறந்துவிட்ட டொக்டர், "வேலையை விட்டிட்டுக் காலமையும் பின்னேரமும் நடவுங்கோ. கனகாலம் இருப்பீங்கள்" என்றார். ஓய்வுபெறும் வயதுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. இருந்தும் கந்தோரில் கணக்குப் பிரிவில் பார்த்த வேலையை விட்டேன்.

விட்ட கிழமையே மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மனைவி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "பொம்பிளையின்ர தேப்பன் இந்த வயசில வீட்டில இருக்கிறார் எண்டால், என்ன வருத்தமோ எண்டு கதைப்பினம். கலியாண எழுத்து முடியும் மட்டும் மூச்சு விடாதேங்கோ."

தலையாட்டினேன். அவள்மேல் மட்டும் பழி போடக்கூடாது. சும்மா இருப்பவன் என்று பெயரெடுக்க எனக்கும் வெட்கம்தான்.

அதன்பிறகு தினமும் வேலைக்குப் போவதுபோல அயர்ன் பண்ணிய சேர்ட், சப்பாத்து, சாப்பாட்டுப் பை. வெள்ளவத்தையில் ரயிலேறிக் கோட்டையில் இறங்குவேன். டொக்டர் சொன்ன நடைதான் இல்லை. எங்கள் ஃபிளாட்டில் பாதிப்பேர் கடற்கரை வீதியில்தான் நடக்கிறார்கள். "என்ன, இண்டைக்கு வேலை இல்லையோ?" என்று ஒருவர் கேட்டால் போதும், பொழுதுபடுமுன் மாப்பிள்ளை வீட்டுக்குக் கதை போய்விடும். ஆகவே தெரிந்த முகம் இல்லாத கொட்டாஞ்சேனைக்குப் போய், தேத்தண்ணிக் கடைகளில் குந்தியிருந்து ரோல்ஸும் சீனி அள்ளிப் போட்ட பிளேன்ரீயும். கந்தோரில்கூட நான் இப்படி ஒரே இடத்தில் இருந்ததில்லை. பின்னேரம் வீடு வந்தால் வெயில் களைப்பில் கட்டிலில் விழுவேன். காற்சட்டை இறுகியது. படியேற மூச்சு வாங்கியது. டொக்டரிடம் போகவும் கூசினேன்.

போன மாதம் ஒரு கடை வாசலில் கண் இருண்டு விழுந்தேன். கடைக்காரர் என் ஃபோனை எடுத்து மகளுக்கு அடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெஞ்செல்லாம் வயரோடு கிடந்துகொண்டு நான் அவளிடம் முதலில் கேட்டது: "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாதுதானே?"

அவள் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்தாள்.

"நீங்கள் வேலையை விட்டதை அவையளுக்கு முதல் நாளே சொல்லிட்டன் அப்பா. அம்மா ஏசுவா எண்டுதான் வீட்டில சொல்லேல்லை."

"அவை என்ன சொன்னவை?"

"நல்ல விசயம் எண்டு சொன்னவை. இப்ப சுகமா இருக்கிறாரோ எண்டும் கேட்டவை. ஓம், ஒவ்வொரு நாளும் நல்லா நடக்கிறார் எண்டு சொன்னனான். நீங்கள் வேலைக்குப் போற மாதிரி வெளிக்கிட்டாலும், போறது நடக்கத்தான் எண்டு நினைச்சன்."

அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.