நாஜர் சிங் முடிக்காத உறுதிமொழி

நாஜர் சிங்கும் நானும் ஒரே பண்ணையில் இருபத்தோரு வருடமாகப் பால் கறக்கிறோம். முந்நூற்றிருபது மாடுகள். விடியலில் ஒரு கறவை, பிற்பகலில் ஒரு கறவை. என் பெயர் மேஜர். நான் பட்டாளத்தில் இருந்ததில்லை, பெயர்தான் அப்படி. இத்தாலியின் போ நதிச் சமவெளியில் பஞ்சாபிலிருந்து வந்த எங்கள் சீக்கிய ஆட்கள் இல்லாவிட்டால் பாலாடைக்கட்டி கிடையாது என்று முதலாளிகளே சொல்வார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் தோளில் தட்டுவார்கள்.

அவன் இங்கே வந்தது இரண்டாயிரத்து ஒன்றில். ஊரில் மகள் நவ்ரூப் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏஜெண்ட் அவனையும் கூட வந்த ஆட்களையும் வழியில் பிராக் நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் அடைத்து வைத்திருந்தான். எல்லையில் தலைப்பாகை கண்ணில் படும், முடியை வெட்டாதவனைக் கூட்டிப்போக மாட்டேன் என்றான். பதினொரு பேர் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஏழாவதாக நாஜர். "அஞ்சு நிமிஷம்தான்டா, வளர்ற சாமான்தானே"ன்னு சொன்னானாம் கத்தரி வைத்திருந்தவன். அதை நாஜர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அந்த ஆளின் குரலிலேயே சொல்வான்.

மறு வருடம் பொதுமன்னிப்பில் எங்கள் எல்லோருக்கும் இருப்புரிமை கிடைத்தது. அன்றிலிருந்து நாஜரின் தலையில் கத்தரி படவில்லை. நான் வளர்க்கவில்லை. மழித்த முகத்தோடு இருந்தால் வாடகைக்கு வீடு கிடைப்பது சுலபம் என்று முதலில் நினைத்தேன், பிறகு பழகிவிட்டது. மூன்று வருடம் கழித்து அவன் ஊருக்குப் போனபோது தாடி நெஞ்சு வரை இறங்கியிருந்தது. அவன் அப்பா கட்டிலில் இருந்து எழுந்திருக்கவே இல்லையாம். "முடி வளந்துடுச்சு. விட்ட சொல்லு வளருமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் மகனோடு பேசவில்லை. ஒன்பது வருடம் கழித்து இறந்தும் போனார். கன்று போடுகிற பருவம், முதலாளி விடுப்பு தரவில்லை. நாஜர் போகவில்லை.

அடுத்த வைசாகித் திருநாளில் அவன் குருத்வாராவில் அமிர்தம் எடுத்துக்கொண்டான்; முடியை வெட்டுவதில்லை, கிர்பானைக் கழற்றுவதில்லை என்று ஏற்கும் தீட்சை அது. அன்று முதல் கிர்பான் உடம்பை விட்டு இறங்கவில்லை. உள்ளங்கை நீளக் குறுவாள், கறுப்பு உறை, குறுக்கே ஒரு வார். குளிக்கும்போது அதைத் தலையில் சுற்றிக்கொள்வான். தொழுவத்தில் அங்கிக்கு உள்ளே இருக்கும். அதை வைத்து அவன் ஒரு கயிற்றைக்கூட அறுத்து நான் பார்த்ததில்லை.

அதே வருடம்தான் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டான். நான்கு வருடம் ஒரு தகவலும் இல்லை. இரண்டாயிரத்துப் பத்தொன்பது மார்ச்சில் ஆணை வந்தது. இனி ஊராட்சி அலுவலகத்தில் மேயர் முன்னால் நின்று ஒரே ஒரு வாக்கியம் உறுதிமொழி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரல் பதினேழாம் தேதி கொடுத்தார்கள். சிறு வயதிலேயே அம்மாவோடு இங்கே வந்து சேர்ந்த நவ்ரூப்புக்கு மே ஒன்பதாம் தேதி பதினெட்டு. அதற்குள் அப்பா குடிமகன் ஆனால் கூடவே அவளும் ஆகிவிடுவாள். ஒரு நாள் தாண்டினாலும் அவள் தனியாக விண்ணப்பித்து, தனியாக வருமானம் காட்டி, தனியாக நான்கு வருடம் காத்திருக்க வேண்டும்.

அவளுக்கு ஏன் அவசரம் என்றால், அவள் ஓடுவாள். எண்ணூறு மீட்டர். இரண்டு நிமிடம் எட்டு நொடி. இடுப்பு வரை தொங்கும் பின்னலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவள் கடைசி வளைவில் திரும்புவதைப் பார்த்தால், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது நாமாகத்தான் இருக்கும். மாவட்டத்தில் அவளை முந்த ஆள் இல்லை. ஆனால் ஜூலையில் இளையோர் தேசிய அணிக்கு எடுக்க வேண்டுமானால் குடியுரிமை வேண்டும். பயிற்சியாளர் ஒர்னெல்லா அவள் பெயரை எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.

உறுதிமொழிக்கு முதல் நாள் பிற்பகல் கறவையின்போது நான் நாஜரிடம் சொன்னேன். அண்ணன் முறையில் அவனைப் பாஜி என்றுதான் கூப்பிடுவேன்.

"பாஜி, நாளைக்கு அதை வீட்ல வச்சிட்டு வாங்க. ரெண்டு வருஷம் முந்தி ரோம் பெரிய கோர்ட்டே அது ஆயுதம்னு சொல்லிடுச்சு. போயும் போயும் மேயர் ஆபீஸ்ல எதுக்கு?"

"உள்சட்டைக்குள்ள இருக்கும்டா. மேல சட்டை, அதுக்கு மேல கோட்டு. மேயர் என்ன என் சட்டையவா உருவப் போறான்?"

"கழுத்துல போடுற மாதிரி சின்னதா விக்கிறாங்களே, விரல் நீளம். அதையாவது போடுங்க."

"சாவிக்கொத்து மாதிரியா?" என்று சிரித்தான். "நீ மொதல்ல உன் மொகத்துல நாலு மயிரு வளத்துக் காட்டு. அப்புறம் எனக்கு வாத்தியார் வேலை பாரு."

சிரித்துக்கொண்டே வாயில் அந்த வாக்கியத்தை உருட்டிக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக மாடுகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்றும், அரசியலமைப்பையும் நாட்டின் சட்டங்களையும் கடைப்பிடிப்பேன் என்றும் உறுதி கூறுகிறேன். ஒவ்வொரு மடியையும் துடைத்து இயந்திரத்தை மாட்டும் நேரத்தில் ஒரு தடவை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம். நாஜர், அவன் மனைவி சிந்தர் கௌர், நவ்ரூப், அவளுக்காக வந்த ஒர்னெல்லா, மொழிபெயர்க்க நான். நாஜருக்கு மாட்டோடு பேசுகிற அளவு இத்தாலியம் வரும். மேயரோடு பேச வராது. சிந்தர் கௌர் முதல் நாளே லட்டு பிடித்து டப்பாவில் கொண்டு வந்திருந்தாள். மேயர் மூவர்ணப் பட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். வாசலில் ஊராட்சிப் போலீஸ்காரன் தாவிதே. எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரனின் மகன். சின்ன வயதில் நாஜர் ஓட்டும் டிராக்டரில் ஏறிச் சுற்றியவன்.

பதிவேட்டில் முதலில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மேஜை தாழ்வாக இருந்தது. நாஜர் குனிந்தான். கோட்டு பிரிந்தது. சட்டை இடுப்பிலிருந்து மேலே ஏறியது. கறுப்பு உறையின் நுனி வெளியே வந்தது.

பதிவு எழுதும் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பார்க்காத மாதிரி இருக்க வழியில்லாமல் போயிற்று.

மேயர் கெட்டவர் இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "இதோட நான் உறுதிமொழி வாங்க முடியாது. உங்ககிட்ட கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க. நீங்க வெளிய காருக்குள்ள வச்சிட்டு வாங்க. அஞ்சு நிமிஷம். முடிஞ்சதும் எடுத்துக்கலாம். நான் எதையும் பாக்கல."

நான் அதைப் பஞ்சாபியில் சொன்னேன். சொல்லும்போதே அந்த 'அஞ்சு நிமிஷ'த்தை விட்டுவிடலாமா என்று தோன்றியது. விடவில்லை. மொழிபெயர்க்க வந்தவன் ஆயிற்றே.

நாஜர் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அன்னிக்கும் இதேதான்டா சொன்னான்."

"பாஜி, இவரு அந்த ஆள் இல்ல. நான் வாங்கிக்கிறேன். என் கையிலதான் இருக்கும்."

"உன் கையிலயா?"

அவன் திட்டுவதற்காக அப்படிக் கேட்கவில்லை. இருந்தாலும் மழித்த என் முகம் எரிந்தது.

நவ்ரூப் அப்பாவின் கையைப் பிடித்தாள். "பப்பா, எனக்காக. இருபத்திரெண்டு நாள்தான் இருக்கு பப்பா. குருவுக்குத் தெரியாதா நீங்க ஏன் கழட்டுறீங்கன்னு?"

"தெரியும்மா. அவருக்கு எல்லாம் தெரியும்" என்றான். கையை உருவிக்கொள்ளவில்லை. வாரைத் தொடவும் இல்லை.

சிந்தர் கௌர் சத்தம் போட்டாள். "மாட்டுக்கு உண்ணி கடிச்சா உனக்கு மனசு கேக்காது. பெத்த புள்ள அழுறா, கல்லு மாதிரி நிக்கிறியே மனுஷா!"

மூன்று நிமிடம் இருக்கும். அந்த நேரம் மேயர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு தாவிதேவைப் பார்த்தார். தாவிதே மெதுவாக வந்தான்.

"நாசார், நீ ஏன் அதை என் கண்ணுல காட்டின?" என்று இத்தாலிய உச்சரிப்பில் கேட்டான். உண்மையிலேயே வருத்தமாகத்தான் கேட்டான். "இத்தன பேர் பாத்த அப்புறம் நான் எழுதாம விட்டா என் வேலை போயிடும்."

குனிந்து அவனே வாரை அவிழ்த்தான். நாஜர் தடுக்கவில்லை. கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. குழந்தைக்குச் சட்டை கழற்றும்போது அது நிற்கிற மாதிரி நின்றான். கிர்பான் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போய், மேஜை மேல், லட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

அப்போது மேயர் சொன்னார்: "சரி, இப்ப தடை ஒண்ணும் இல்லையே. வரச் சொல்லுங்க. வாசிச்சு முடிச்சிடட்டும். வழக்கு அதுபாட்டுக்கு ஒரு பக்கம் போகும்."

நவ்ரூப்பின் முகத்தில் உயிர் வந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நாஜர் காகிதத்தை வாங்கினான். மனப்பாடம்தான், இருந்தாலும் வாங்கினான். குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்பது வரை தெளிவாக வந்தது. அரசியலமைப்பையும் என்றான். 'நாட்டின் சட்டங்களையும்' என்ற இடத்தில் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அதே இடம். மூன்றாவது தடவை உதடு மட்டும் அசைந்தது. ஒர்னெல்லா தண்ணீர் கொடுத்தாள். குடித்தான். காகிதத்தை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டான்.

வேறு தேதி தருகிறேன் என்றார் மேயர். ஆனால் தாவிதே எழுதிய காகிதம் மாவட்டத் தலைமைக்குப் போய்விட்டது. குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு உறுதிமொழி நிறுத்தி வைக்கப்படுகிறது என்று மே மூன்றாம் தேதி கடிதம் வந்தது. ஆறு நாளில் நவ்ரூப்புக்குப் பதினெட்டு ஆயிற்று. யாரும் கேக் வெட்டவில்லை. இலையுதிர் காலத்தில் ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்குத் தண்டம் விதித்தார்கள். குளிர்காலத்தில் ஆணையையே ரத்து செய்தார்கள்.

இதற்கு நடுவில் குருத்வாராவில் என்ன நடந்தது தெரியுமா? அடுத்த ஞாயிறே அவனை மேடைக்குக் கூப்பிட்டு, கழுத்தில் காவித் துணி போட்டுக் கௌரவித்தார்கள். "குடியுரிமையை உதறி எறிந்த சிங்கம்" என்றார் செயலாளர். கோஷம் கூரையைத் தொட்டது. யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வாழ்த்து வந்தது. நாஜர் தலையைக் குனிந்தபடி நின்றான். அடக்கம் என்று நினைத்தார்கள்.

திங்கட்கிழமை, மாடுகளின் மடிக்கு நேராக நாங்கள் இறங்கி நிற்கும் கறவைக் குழிக்குள் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் என் காதருகே வந்து சொன்னான்.

"நான் எதையும் உதறலடா மேஜரே. உனக்குத் தெரியும்ல? கழட்ட மாட்டேன்னு நின்னேன். அவன் கழட்டினப்ப சும்மா இருந்தேன். மகளுக்காகக் கழட்டியிருந்தா மகளாவது மிஞ்சியிருப்பா. கைய புடிச்சுத் தடுத்திருந்தா மானமாவது மிஞ்சியிருக்கும். நான் ரெண்டையும் விட்டுட்டேன்."

"அங்க போய்ச் சொல்லுங்க பாஜி."

"என்னன்னு சொல்ல? கத்துற கூட்டத்துல யாரு கேப்பா?"

அவன் புதிய கிர்பான் வாங்கவில்லை. ஐந்து பெரியவர்கள் முன்னால் நின்று பிழை சொன்னால் பிராயச்சித்தம் தருவார்கள், மறுபடி தரிக்கலாம் என்று குருத்வாராவில் வேதம் ஓதும் கிரந்தி எவ்வளவோ சொன்னார். நாஜர் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறவையையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். மற்றவர்கள் குருத்வாரா போக வசதியாயிற்று என்று சந்தோஷப்பட்டார்கள்.

ஜூலையில் அணி நவ்ரூப் இல்லாமல் போயிற்று. ஒரு மாலை அவள் கழுத்து வரை வெட்டிய முடியோடு வீட்டுக்கு வந்தாள். சிந்தர் கௌர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். நாஜர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மகளைப் பார்த்தான், ரொட்டியைப் பிய்த்தான், மென்றான்.

"கேளுங்க பப்பா. ஏதாவது கேளுங்க. திட்டுங்க."

"எந்த வாயால திட்டுவேன்?"

"உங்க கத்தியால என் கழுத்தத்தான் அறுத்தீங்க" என்றாள். அடுத்த மாதம் மிலானோ பக்கம் ஒரு பெரிய கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு வாரம் ஒரு போன். அப்பாவுக்கு இல்லை.

போன வருடம் சிந்தர் கௌர் கெஞ்சியதால் நான் அவளைப் பார்க்கப் போனேன். கிடங்கு வாசலில் இருபது நிமிட இடைவேளையில் சந்தித்தோம். குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க மூன்று வருடத் தொடர்ச்சியான வருமானம் காட்ட வேண்டும். மூன்று மூன்று மாதமாகத்தான் ஒப்பந்தம் போடுகிறார்கள், நடுவில் ஒரு மாதம் வெளியே நிறுத்துகிறார்கள், கணக்கு சேரவே மாட்டேன் என்கிறது என்றாள். ஓடுவதைப் பற்றிக் கேட்டேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, பத்து மணி நேரம் நிற்கிற வேலை சாச்சா என்றாள்.

"அப்பாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"கோவம் எல்லாம் இல்லன்னு சொல்லுங்க. மொதல்ல இருந்துச்சு. இப்ப தேடிப் பாத்தாலும் இல்ல. அவர் மேலயும் இல்ல, யார் மேலயும் இல்ல."

திரும்பி வந்தபோது பிற்பகல் கறவைக்கு மாடுகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். நரை விழுந்த தாடியில் தவிட்டுத் தூசி. நான் சொன்னதைக் கேட்டான். நல்ல செய்தி என்று அவன் எடுத்துக்கொள்வான் என்று நினைத்தேன்; அதனால்தான் சிரித்த முகத்தோடு சொன்னேன்.

"கோவம்கூட இல்லையாமா?" என்றான்.

"இல்லையாம் பாஜி."

கதவுக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். பின்னால் நின்ற மாடு கத்தியது. குழிக்குள் இறங்கி முதல் மடியைத் துடைக்க ஆரம்பித்தான். நானும் எதிர் வரிசையில் இறங்கினேன். அதற்குப் பிறகு அவளைப் பற்றி அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.