தண்ணீர்க் கஞ்சி ஊற்றிய முத்தவல்லி

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த என்னை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் முத்தவல்லி ஆக்கினார்கள். பள்ளிவாசலுக்கு ஒரு வியாபாரி வக்ஃபாக, தர்மச் சொத்தாக, எழுதி வைத்துவிட்டுப் போன மூன்று கடைவீடுகளை நிர்வகிக்கும் வேலை. சம்பளம் கிடையாது. அந்த வாடகையில் ரமலான் மாதம் நோன்புக் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

முதல் நாளே விஷயம் புரிந்துவிட்டது. ஜமாஅத்தில் பெரிய மனிதரான ஒரு ஹாஜியார் மூன்று வீடுகளையும் பழைய வாடகைக்கு வைத்துக்கொண்டு, மாடி அறைகளை உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தார். வக்ஃபுக்கு வந்தது அரிசிக்கே பற்றாது. முந்தைய முத்தவல்லிகள் கறியும் தேங்காய்ப்பாலும் கைக்காசில் வாங்கிப் போட்டு மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கஞ்சி கெட்டியாக இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

மாடியை விட்டுத்தரும்படி ஹாஜியாரிடம் கேட்டேன்.

"அல்லாவோட சொத்துல யாவாரம் பாக்க வந்தியா தம்பி?"

"அல்லாவோட சொத்துன்னா நட்டத்துலதான் ஓடணுமா ஹாஜியாரே?"

சிரித்து அனுப்பிவிட்டார்.

என் மச்சான் சமாதானம் சொன்னார். "நம்ம கடையிலேருந்து சாமான் போட்டா முடிஞ்சுபோச்சு. எதுக்கு வம்பு லா?"

"போட்டா எனக்குப் பேரு வரும் மச்சான். வக்ஃபு படுத்துரும்."

முதல் நோன்பன்று, வாடகையாக வந்ததை மட்டும் வைத்துக் காய்ச்சச் சொன்னேன். முதல் அகப்பையை ஹாஜியார் ஊற்றுவது வழக்கம். அவர் தூக்கியதும் தண்ணீராக ஒழுகியது.

"என்னப்பா இது?"

எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "மூணு வீடும் குடுத்த கஞ்சி இதுதான். மாடி வாடகை எங்கே போவுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

நோன்பாளி வயிற்றில் அடிக்கிறான் என்று என்னைத்தான் திட்டினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவருக்கு அதை ஊற்றும்போது எனக்கே கை கூசியது. ஆனாலும் மறுநாளும் அதையேதான் ஊற்றினேன். அதற்குள் வரிசையில் நின்றவர்களின் பேச்சு ஹாஜியாரின் மாடி வாடகை பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு வாரம்கூட அவரால் தாங்க முடியவில்லை. மாடிச் சாவிகளைக் கொண்டுவந்து என் கடை மேசையில் போட்டார்.

"யாவாரிப் பயலே, நாளைக்காவது கறி போடு."

அதிலிருந்து 'யாவாரி முத்தவல்லி' என்பதே என் பெயராயிற்று. கேலிக்கு வைத்ததுதான். நான் மறுக்கவில்லை.

சம்பளமில்லாத வேலைக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டினீர்கள் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மறுமையில் நன்மை கிடைக்கும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் என் கடையில் ஒருவன் கை வைத்தால் நான் சும்மா இருப்பேனா? சொத்தை எழுதி வைத்தவர் கபரில் அடங்கிக் கிடக்கிறார், வந்து கேட்க முடியாது. அவருக்காகக் கேட்க ஒரு வியாபாரி வேண்டும்.