தொட்டியில் கொட்டிய பிளீச்சிங் பவுடர்

போன மாதம் ஒரு மீன்கடைக்கார அம்மா என்னைத் திட்டினார் — நாற்றம் தாங்கவில்லை என்று!

நியாயமான கோபம். பட்டினப்பாக்கத்தில் அவர் கடைக்குப் பின்னால், குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சிறிய நிலையம் ஒன்று இருக்கிறது. வடிவமைத்தவன் நான். அது அங்கே வருவதற்கு முதலில் யாரும் சம்மதிக்கவில்லை. "துளிகூட நாறாது" என்று வீடு வீடாகச் சத்தியம் செய்தவனும் நானே. அந்த மீன்கடைக்கார கஸ்தூரி அக்கா தலையாட்டிய பிறகுதான் மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

மந்திரம் ஒன்றுமில்லை. தொட்டிக்குள் காற்றைச் செலுத்தினால் கோடானுகோடி பாக்டீரியாக்கள் பெருகி, அழுக்கைத் தின்று தீர்க்கும். சம்பளம் கேட்காது, லீவு கேட்காது. ஆரோக்கியமான தொட்டி டிகாஷன் நிறத்தில் நுரைத்துக் கிடக்கும். பார்க்கத்தான் சகிக்காது. சோதனை ஓட்டத்தில் துளிகூட நாறவில்லை.

திறப்பு விழா வந்தது. சமூக அக்கறை, பின்விளைவு என்றெல்லாம் மேடையில் பேச நான்கு பக்கம் எழுதிக்கொண்டிருந்த நான், ஆபரேட்டர் பழனிக்கு ஒற்றை வரியில் உத்தரவிட்டேன்.

"பெரிய ஆளுங்க வராங்க பழனி. எங்கயும் அழுக்கே தெரியக் கூடாது."

நம் ஊரில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் என்ன செய்வோம்? சாலையின் இரு ஓரமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக்கோடு போடுவோம். பழனியும் போட்டார். மிச்ச மூட்டைகளைத் தொட்டியில் கொட்டினார். நுரை அடங்கியது, நிறம் வெளுத்தது. விருந்தினர் பாராட்டினார். நான் பணிவுடன் கைகூப்பி நின்றேன்... செத்து மிதந்த என் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் முன்னால்!

மூன்றாம் நாள் அக்காவின் போன்.

"இன்னா சார், நாறாதுன்னு நீதான சொன்ன? மீனு கெட்டுப்போச்சான்னு கேட்டுட்டு எல்லாரும் திரும்பிப் போய்க்கினு கீறாங்க. உன்னை நம்பித்தான தலையாட்டுனேன்?"

ஓடினேன். பழனியின் மேல் பாய்ந்தேன். அவர் அசரவில்லை.

"நீங்கதான சார் அழுக்கே தெரியக் கூடாதுன்னீங்க? அதுக்குள்ள உசுரு கீதுன்னு என்கிட்ட யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதியிருந்தேன் — ஆங்கிலத்தில், திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில்.

வேறொரு நிலையத்திலிருந்து பாக்டீரியா நிறைந்த சேற்றை டேங்கர் லாரியில் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினோம். அவை பெருகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதுவரை அக்கா பஸ் ஸ்டாப் ஓரம், கொளுத்தும் வெயிலில் கடை போட்டார். அவரைக் கடந்துதான் நான் தினமும் போக வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடந்தேன்.

முந்தாநாள் மீன்கூடையோடு பழைய இடத்துக்கு வந்தார். நின்றார். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். நான் மூச்சே விடவில்லை.

"இப்போ மீனு வாடை மட்டுந்தான் சார் வருது" என்று கூடையை இறக்கினார்.

பட்டச் சான்றிதழை ஹாலில் மாட்டியிருக்கிறேன்... இதை எங்கே மாட்டுவது?