அங்கே வைத்தால் இங்கே

எதைக் கையில் கொடுத்தாலும் இதில் என்ன குறை என்று பார்ப்பது என் பழக்கம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நின்றால், நேரப் பலகையை மனத்துக்குள் மாற்றி எழுதிக்கொண்டிருப்பேன். ஓட்டலுக்குப் போனால் மெனு அட்டையில் பிழை தேடுவேன். "சாப்புட வந்தியா, பரிச்ச பேப்பர் திருத்த வந்தியா?" என்று அம்மா கேட்பாள். இப்படிப்பட்டவளுக்கு, 'உங்கள் ஆலோசனைகளை இங்கே எழுதுங்கள்' என்று ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கும் இணையதளம் கிடைத்தால் என்ன ஆகும்? இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு ஆலோசனைகள் எழுதினேன்.

அது பலகை விளையாட்டுகளுக்கான தளம். எங்கோ ஒரு குளிர் தேசத்தில் நாலைந்து பேர், வேறு வேலை பார்த்துக்கொண்டே, ஆசைக்காக நடத்துகிறார்கள். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழிதான் அதைக் கண்டுபிடித்தாள். நிறைய ஆட்டங்கள் இருந்தாலும் நாங்கள் ஆடியது ஒன்றை மட்டும்தான். தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டங்கள் நிறைந்த பலகை. ஒருவருக்குச் சிவப்புக் கல், மற்றவருக்கு நீலக் கல். மாறி மாறி ஒவ்வொரு கல்லாக வைக்க வேண்டும். வைத்ததை எடுக்கவோ நகர்த்தவோ முடியாது. தன் கரையிலிருந்து எதிர்க்கரை வரை அறுபடாமல் வழி போடுகிறவர் ஜெயித்தவர்.

நான் பத்து வினாடியில் கல் வைப்பேன். அவள் எழுந்து போய்ப் பல் தேய்த்துவிட்டு, துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, அப்புறம் வந்து வைப்பாள். பத்து ஆட்டத்தில் எட்டு அவளுக்கு. தோற்ற கோபத்தில் நான் தளத்துக்கு ஆலோசனை எழுத உட்காருவேன். விரல் தவறிப் பட்டாலும் கல் விழுந்துவிடுகிறது, 'நிச்சயமா?' என்று ஒரு தடவை கேளுங்கள். சிவப்பும் நீலமும் சரியாகத் தெரியாதவர்களுக்காகக் கல்லில் கோடு போடுங்கள். சின்ன போனில் பலகையின் ஓரம் வெட்டுப்படுகிறது.

"ஏய், நீ ஆட வந்தியா, மனு குடுக்க வந்தியா? கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமையானா கூட்டம் நிக்குமே, அதுல போய் நின்னுக்கோ" என்பாள் அவள்.

படிப்பு முடிந்தது. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் மலை மேல் இருக்கும் தன் ஊருக்குத் திரும்பினாள். அவள் ஊர் கரியாலூரிலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர். அங்கே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடும், அம்மாவின் இடுப்பு வலியும் அவளுக்காகக் காத்திருந்தன. டவர் காத்திருக்கவில்லை. கரியாலூரில் போன் பேசும். அவள் வீட்டில் அது டார்ச் லைட்.

ஆனாலும் அவள் ஆட்டத்தை விடவில்லை. தளத்தில் மெது ஆட்டம் என்று ஒரு வகை உண்டு. ஒரு கல் வைக்க இரண்டு நாள் அவகாசம். அவளுடைய அண்ணன் லோடு வேன் ஓட்டுகிறவர். தினமும் காலையில் கரியாலூரைத் தாண்டிக் கீழே இறங்குவார், சாயங்காலம் ஏறுவார். அவள் போனை அவரிடம் கொடுத்தனுப்புவாள், கூடவே நோட்டுக் காகிதத்தில் ஒரு சீட்டும். கரியாலூர் டீக்கடையில் வேனை நிறுத்தி, கண்ணாடி டம்ளரைப் போன் மேல் சாயாமல் பிடித்துக்கொண்டு, அண்ணன் சீட்டைப் பார்த்து அழுத்துவார். ஒரு சீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

'எதிராளி ஏழாவது வரிசை நாலாம் கட்டத்துல வெச்சிருந்தா, நீ எட்டாவது வரிசை மூணுல அழுத்து. எட்டுல மூணுல வெச்சிருந்தா, ஏழுல நாலுல அழுத்து. வேற எங்க வெச்சிருந்தாலும் ஒண்ணும் அழுத்தாத, அப்படியே மூடி எடுத்துக்கினு வா.'

இந்த ஆட்டத்தில் அது சரியாக வரும். இரண்டு கல்லுக்கு நடுவே இரண்டு காலிக் கட்டம் இருந்தால் அது பாலம் மாதிரி. எதிராளி ஒன்றை அடைத்தால் மற்றதை நாம் பிடிக்கலாம். அவன் அங்கே வைத்தால் நான் இங்கே. முந்தின நாளே யோசித்து முடித்துவிடலாம்.

இப்படியே அவள் தளத்தின் வருடாந்தரப் போட்டியில் கடைசி நாலு பேருக்குள் வந்துவிட்டாள். அண்ணன் வண்டியில் ஒருநாள் கரியாலூருக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். குரலில் அவளுக்கு வழக்கமில்லாத ஒரு துள்ளல்.

"இங்க கெழங்கு புடுங்குறப்ப ஆள் கம்மின்னா என்னைத் தேடுவாங்க. மத்தபடி நான் இன்னா படிச்சேன், எனக்கு இன்னா தெரியும்னு ஒருத்தருக்கும் தெரியாது. அந்தத் தளத்துல என் பேருக்கு நேரா ஒரு நம்பர் இருக்குது பாரு, அது நானே சம்பாரிச்சதுடி."

அரையிறுதி நடுவில் வேன் பழுதாகி நின்றது. ஒரு கல்லுக்கான அவகாசம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதுதான் அண்ணன் யாரோ ஒருவர் பைக்கில் தொற்றிக்கொண்டு கரியாலூர் போய் அழுத்தினார். அண்ணன் போனில் அதைச் சொன்னதும் எனக்குக் கை பரபரத்தது. இதற்கு ஒரு வழி இருக்கிறதே! 'அங்கே வைத்தால் இங்கே' என்று முன்கூட்டியே போனில் குறித்து வைக்கட்டும், டவர் வந்ததும் அது தானே போகட்டும், எதிராளி வைத்ததும் பதில் தானே விழட்டும். சென்டரில் ஆள் இல்லாத மதியத்தில் உட்கார்ந்து எழுதினேன்.

மூன்று வரியில் முடிந்திருக்க வேண்டியது. மூன்று வரியை யார் படிப்பார்கள் என்று நினைத்தேன். அதனால் கதை சேர்த்தேன். மலை, காடு, சிக்னல் இல்லாத குக்கிராமம், ஏழைப் பழங்குடிப் பெண், கிழங்கு பிடுங்கிய கையோடு சீட்டு எழுதுகிறாள், அண்ணன் கொண்டுபோய் அவளுக்காகப் பொத்தான் அழுத்துகிறார். அவளுடைய தளப் பெயரையும் போட்டேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நல்லதுதானே செய்கிறேன்?

ஒரே நாளில் அத்தனை இதயக் குறிகள். முந்தைய நாற்பதுக்கும் சேர்த்து அவ்வளவு வந்ததில்லை. அம்மாவிடம் காட்டினேன். "யார் வூட்டுக் கதைடி இது?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் காலை அண்ணன் டீக்கடையிலிருந்து கூப்பிட்டார்.

"பாப்பா, போனைத் தொறந்தா இன்னாமோ செவப்பா எழுதியிருக்குது. அழுத்தினா ஒண்ணும் போவ மாட்டேங்குது. என் கைல இன்னாச்சும் கோளாறு ஆயிடுச்சா?"

படமெடுத்து அனுப்பச் சொன்னேன். 'கணக்குக்கு உரியவர் தவிர வேறு யாரும் அவருக்காக ஆடக் கூடாது என்பது விதி. பொதுப் பக்கத்தில் வந்த தகவலின்படி இந்தக் கணக்கை முடக்கி விசாரிக்கிறோம்.'

பொதுப் பக்கத்தில் வந்த தகவல் என் தகவல். அந்த விதி எனக்குத் தெரியாதா? பதினேழாவது ஆலோசனையில், விதிகளைப் பெரிய எழுத்தில் போடுங்கள் என்று சொன்னவளே நான்தான்.

"உங்க கைல ஒண்ணும் இல்லண்ணா" என்றேன். "நான்தான்..." நாளைக்கு நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு, கரியாலூர் வழியாக வெள்ளிமலை போகும் பேருந்தில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும், என்னென்ன சொல்லலாம் என்று பட்டியல் போட்டேன். அவள் இப்படிச் சொன்னால் நான் அப்படி. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பதில் கீழே விழுந்தது. கரியாலூரில் இறங்கியபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அண்ணன் வேனோடு நின்றிருந்தார். அவள் ஊரில் வண்டியை நிறுத்தும்போது, "கோவமா இருக்குது. கைல கத்தி வேற வெச்சிருக்குது, பாத்துப் பேசு" என்றார்.

உண்மைதான். அவள் காட்டோரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அடுத்த நடவுக்குக் கிழங்குக் குச்சியைச் சாண் நீளத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பஸ் கூட்டமா?"

"இல்லடி. ஒக்காந்துதான் வந்தேன்."

"அப்ப இதப் புடி." வெட்டிய குச்சிகளைக் கட்டச் சொல்லி ஒரு சணல் கயிற்றை எறிந்தாள். நான் கட்டினேன். இரண்டு கட்டு முடிந்த பிறகு கேட்டாள்.

"நேத்து கரியாலூர் போயி படிச்சேன். ஏழைப் பழங்குடிப் பொண்ணுன்னு எழுதியிருக்கியே, அது பலகைல எத்தனாவது வரிசை, எத்தனாவது கட்டம்?"

நான் மூன்றாவது கட்டுக்குக் கயிறு சுற்றினேன்.

"அந்தப் போட்டில நாலு பேரு. மூணு பேரு எந்த ஊரு, இன்னா ஜாதி, கைல சேறு இருக்குதா சோப்பு இருக்குதான்னு எனக்குத் தெரியுமா? அவங்களுக்கும் என்னைத் தெரியாது. கல்லு மட்டுந்தான் தெரியும். அதாண்டி எனக்குப் புடிச்சிருந்தது. நீ போயி என் வூட்டுக் கதவத் தொறந்து வுட்டுட்டு வந்திருக்க."

"உனக்கு உதவியா இருக்கும்னுதான்..."

"கேட்டியா?"

"இல்ல."

"நான் கூட கரியாலூர் வந்து பேசுனனே போன்ல. ஒரு வார்த்த கேட்டிருந்தா, அண்ணன் அழுத்துறத எழுதாதடின்னு சொல்லியிருப்பேன். எனக்கு அது தப்பாயிருக்கும்னு ஒரு சந்தேகம் முன்னயே இருந்தது." கத்தியை மண்ணில் குத்தி நிறுத்தினாள். "அதுல உன் தப்பு பாதி. என் தப்பு பாதி. யோசிச்சது நானா இருந்தாலும், அழுத்துனது அவன்."

பக்கத்து வரப்பிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "என்ன எதுக்கு இழுக்கிற? ஒரு தடவ கூட மாத்தி அழுத்தல நானு!"

"நீ நல்லாத்தான் அழுத்தின, போ."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உடனே சொன்னேன், அந்தப் பதிவை இப்போதே கரியாலூர் போய் அழித்துவிடுகிறேன் என்று. அவள் வழக்கம்போல உடனே பதில் சொல்லவில்லை. கை கழுவப் போனாள். அம்மாவுக்கு இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டு வந்தாள். அப்புறம்தான் சொன்னாள்.

"அழிச்சா ஒளிக்கிற மாதிரி ஆயிடும். என் கதைய எடுத்துடு. கேட்ட விஷயத்த மட்டும் அப்படியே இருக்க வுட்டுடு. அது நல்ல யோசனைதான்."

நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து அவளே ஆங்கிலத்தில் எழுதினாள். அவள் கணக்கு முடங்கியிருந்ததால் என் கணக்கிலிருந்துதான் அனுப்ப வேண்டும். நாலு வரி. என் கல்லை நான் யோசித்தேன், அண்ணன் அழுத்தினார், அது விதிக்கு மாறானது. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தை எதிராளிக்குக் கொடுத்துவிடுங்கள். என் கணக்கையும் பழைய ஆட்டங்களையும் திருப்பிக் கொடுங்கள். இனி என் கையால் மட்டுமே அழுத்துவேன்.

"ரோடு சரியில்லன்னு ஒரு வரி..." என்றேன்.

"சேத்தன்னா பஸ்சுக்கு நடந்துதான் போவ."

"நீ ஜெயிக்கிற நெலமைல இருந்தியே. ஆட்டத்த எதுக்குக் குடுக்கிற?"

"ஜெயிக்கிறது எனக்கே தெரியும். போதும்."

சாயங்காலம் கரியாலூர் நிறுத்தத்தில் நின்று, ஒரு எழுத்தும் கூட்டாமல் தட்டச்சு செய்து அனுப்பினேன். பிறகு என் பதிவைத் திறந்து கதையை வெட்டினேன். மிச்சம் மூன்று வரி இருந்தது. படித்துப் பார்த்தேன். நான் எழுதியதில் அதுதான் தெளிவாக இருந்தது.

ஒன்பது நாள் கழித்துக் கணக்கு திரும்பியது. அரையிறுதி எதிராளிக்குப் போனது. அந்த மனிதர், தான் தோற்றிருக்க வேண்டிய ஆட்டம் இது என்று அவளுக்கு இரண்டு வரி எழுதியிருந்தாராம். அதை அவள் என்னிடம் சொன்னதே ஒரு மாதம் கழித்துத்தான்.

கோடை முடிந்து மலையில் மழை பிடித்த சமயம், தளத்தில் அறிவிப்பு வந்தது. மெது ஆட்டங்களில் முன்கூட்டியே பதில் குறித்து வைக்கலாம். இணைப்பு இல்லாதபோது குறித்தால், இணைப்பு கிடைத்ததும் தானே போய்ச் சேரும். யார் சொன்னது என்று அதில் இல்லை. என் பெயர் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்றால் அது பொய். தோன்றியது, கொஞ்ச நேரம்.

இப்போது போன் மட்டும் வேனில் போகிறது. டீக்கடையில் அண்ணன் அதைத் தொடுவதே இல்லையாம். டாஷ்போர்டில் கிடக்கும்போதே வேலை முடிந்துவிடுகிறது. "கடைசில என் வேலைய புடுங்கினதுதான் மிச்சம் பாப்பா" என்கிறார் என்னைப் பார்க்கும்போதெல்லாம்.

நாங்கள் இருவரும் மறுபடி ஓர் ஆட்டம் ஆரம்பித்திருக்கிறோம். இன்று மதியம் சென்டரில் கூட்டம் இல்லை. அந்த நேரத்தில் அவள் காட்டில் களை வெட்டிக்கொண்டிருப்பாள், கையில் போன் இருக்காது என்று எனக்குத் தெரியும். என் கல்லை வைத்தேன். வைத்த நொடியில் அவள் கல் விழுந்தது. பக்கத்தில் மடக்கினேன். உடனே பதில். கொஞ்சம் கோபத்தோடு ஓரத்துக்குத் தாவினேன். அதற்கும் தயாராக ஒரு கல் இருந்தது. பொறுமை இழந்தால் நான் ஓரத்துக்குத்தான் போவேன் என்று முந்தின நாளே, அடுப்படியிலோ வரப்பிலோ உட்கார்ந்து, அவள் யோசித்து வைத்திருக்கிறாள்.

இதில் ஒரு குறை எனக்கு உடனே தெரிந்தது. இப்போது விழுந்த கல் ஆள் இருந்து வைத்ததா, முன்கூட்டியே குறித்ததா என்று ஒரு சின்ன அடையாளம் இருந்தால் நன்றாக இருக்கும். நாற்பத்திரண்டாவது ஆலோசனை. பக்கத்தைத் திறந்து இரண்டு வரி எழுதியும் விட்டேன்.

ஆனால் அந்த அடையாளம் போட்டால், யாருக்கு எந்நேரமும் டவர் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஊருக்கெல்லாம் தெரியும். அவளுக்கு அது வேண்டுமா?

எழுதியதை அனுப்பாமல் வைத்துவிட்டு, ஆட்டத்தின் கீழே இருக்கும் செய்திப் பெட்டியில் அவளுக்கு ஒரு கேள்வி போட்டேன். வேன் சாயங்காலம்தான் கரியாலூர் ஏறும். பதில் நாளைக் காலை வரலாம், அதற்கும் மறுநாள் வரலாம். அவள் பல் தேய்த்துவிட்டு வரட்டும்.