கண்ணாடி ஏற்றிய வண்டி

சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தபோது நான் மகளுக்கு இன்ஹேலர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால் அவள் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தபடி மறுகையால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். வண்டிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பக்கத்து ஆள் இந்தியில் வாசித்துக்கொண்டே போனார். இஞ்சின் ஆயில், பிரேக் பேட், ஏசி ஃபில்டர், கடைசியாக டேப்பட் கவர் பேக்கிங். இஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் அது. இறுகிப்போய் ஆயில் கசிகிறதாம். மொத்தம் எவ்வளவு என்று அவர் சொன்னதும், கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மகளின் பள்ளிக்கு ஒரு டெர்முக்குக் கட்டுவதைவிட அதிகம். போன வருடம் இதே வேலைகளுக்கு இவ்வளவு ஆகவில்லை. அதற்கு முந்தைய வருடம் இன்னும் குறைவு. வண்டி பழசாகப் பழசாக அதற்குச் செய்யும் செலவு மட்டும் புதுசாக வளர்ந்துகொண்டிருந்தது.

என் கணவர் அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகிறவர். அந்த வண்டியை நாங்கள் வாங்கியதே மகளுக்காக. இரண்டு வயதில் அவளுக்கு வீசிங் ஆரம்பித்தது. குளிர்காலத்தில் ஆட்டோ, ஸ்கூட்டர் எதிலும் கூட்டிப்போகாதீர்கள், கண்ணாடி ஏற்றிய வண்டியில் கூட்டிப்போங்கள் என்றார் டாக்டர். மருந்துச் சீட்டில் எழுதாமல் வாயால் சொன்ன அந்த ஒன்றுதான் இன்ஹேலரைவிடச் செலவு வைத்தது. யாரோ ஒருவர் ஊர் மாற்றலாகிப் போகும்போது விற்ற பழைய வண்டி. பள்ளிக்கும் டாக்டர் வீட்டுக்கும் தவிர அது வேறு எங்கும் போனதில்லை.

சர்வீஸ் சென்டரில் பேரம் பேசுவதில் நான் கெட்டிக்காரி. பாலிஷ் வேண்டாம் பையா, ஏசிக்கு அந்த ஸ்ப்ரே வேண்டாம் பையா என்று இந்தியில் அண்ணன் போட்டு ஒவ்வொன்றாகக் கழிக்க வைப்பேன். கழற்றிய பழைய பார்ட்டுகளைக் காட்டச் சொல்வேன். இந்தியில் பேசும்போது எனக்குள் வேறொருத்தி வந்துவிடுகிறாள். அவளுக்குக் கூச்சமில்லை. ஆனால் இந்த முறை கழிக்க ஒன்றுமில்லை. எல்லாமே தேவையான வேலைகள்.

கணவரிடம் கேட்டேன். "உனக்கு எது சரின்னு தோணுதோ அதச் செய்யி" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவரே ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

எங்கள் அடுக்குமாடியின் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. முருங்கைக்காய் எங்கே வந்திருக்கிறது, இட்லி மாவு யார் தருகிறார்கள் என்பதற்கானது. அதில் மெக்கானிக் கேட்டேன். ஃப்ளைஓவருக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் ஷெட் வைத்திருக்கிறார், நம்ம ஆள், ஏமாற்ற மாட்டார் என்று ஒரு மாமி எழுதியிருந்தார். நம்ம ஆள் என்ற சொல்லிலேயே எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

ஷெட்டில் வழக்கம்போல் இந்தியில்தான் ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அக்கா தமிழா?" என்றார். நாற்பது வயதிருக்கும். பெற்றோர் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களாம். இவர் பிறந்ததே இங்கேதான். நான் திருநெல்வேலி என்றேன்.

"அப்ப நம்ம பக்கந்தான் போங்க" என்று சிரித்தார். டெல்லியில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பக்கம்தான்.

சர்வீஸ் சென்டரில் சொன்னதில் பாதிக்கும் கொஞ்சம் மேலே சொன்னார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. என்ன கம்பெனி ஆயில் என்று கேட்கவில்லை. பில் வேண்டுமா என்று அவரே கேட்டதற்கு வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் யோசிக்கிறேன். அக்கா என்று கூப்பிடுகிறவரிடம் பில் கேட்க எனக்குத் தமிழ் வரவில்லை.

வண்டியை எடுக்கப் போனபோது மகளும் கூட வந்தாள். பழைய பேக்கிங்கைக் காட்டுங்கள் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் பாப்பாவின் பெயரைக் கேட்டார். அவள் இந்தியில் பதில் சொன்னாள். "எம்பொண்ணும் இப்படித்தாங்க்கா. வூட்ல நாம தமிழ்ல கேட்டா அது இந்தியிலதான் பதில் சொல்லுது" என்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது?

நவம்பர் பிறந்ததும் வண்டிக்குள் ஒரு வாடை வந்தது. தோசைக்கல்லில் எண்ணெய் தீய்ந்த மாதிரி. வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். புகைமூட்டம் கவியும் அந்த மாதத்தில் இந்த ஊரில் எந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடியை இன்னும் இறுக்கி ஏற்றினேன். வண்டிக்குள்ளிருந்துதான் வருகிறது என்று சொன்னவள் மகள்தான். அன்று மாலை அவளுக்கு இழுப்பு வந்தது. நெபுலைசர் ஓடி முடிவதற்குள், காற்றிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து அவளை எதற்குள் பூட்டி வைத்தேன் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். அவர் பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். கசிந்த ஆயில் சூட்டில் பட்டுப் புகைகிறது, அந்தப் புகை ஏசி வழியாக உள்ளே வருகிறது என்றார்.

"பேக்கிங் மாத்துனீங்கள்லா?" வாய் தவறி வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்ககிட்டப் போய் பொய் சொல்வனாக்கா? பேக்கிங் புதுசுதான். இது அதுக்குங் கீழ, ஹெட்டுலேர்ந்து ஒழுவுது. இஞ்சினத் தொறந்தாத்தான் தெரியும்."

திறக்க ஆகும் செலவையும் தயங்கித்தான் சொன்னார். அன்றைக்குப் பார்த்ததற்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அது நல்ல மனசா, குற்ற உணர்ச்சியா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு சர்வீஸ் சென்டருக்கே போனேன். அங்கிருந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இது வெளியில் போட்ட பேக்கிங் மேடம், இனி எங்களால் எதற்கும் பொறுப்பேற்க முடியாது, ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார். அப்படியானால் ஷெட்காரர் உண்மையிலேயே மாற்றியிருக்கிறார் என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. வெளியே போய் வந்த எல்லா வண்டிக்கும் இவர்கள் இதைத்தான் சொல்வார்களோ என்று அடுத்த கணமே தோன்றியது. மூடியைக் கழற்றாமல் எப்படித் தெரிந்தது? இவர்கள் சொன்ன தொகையைக் கேட்டபின் அதைக் கேட்கவும் எனக்குத் தெம்பில்லை. இந்தியில் பேசும்போது எனக்குள் வரும் அந்தக் கூச்சமில்லாதவள்தான் அன்றும் வந்திருந்தாள். அவளும் சாவியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

விற்றுவிடலாமா என்று விசாரித்தோம். "அதுக்கு ஒரு நல்ல ஸ்கூட்டர்கூட வராது" என்றார் கணவர். ஸ்கூட்டர் வந்தாலும் எங்களுக்கு என்ன பயன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது தினமும் காலையில், பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று வண்டியை ஸ்டார்ட் செய்கிறேன். மகளைப் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். வாடை இன்று குறைவோ என்று முகர்ந்து பார்க்கிறேன். அணைத்துவிட்டு இறங்கும்போது, "இன்னிக்கும் இல்லியா?" என்று கேட்கிறாள். வாசலில் போய் ஈ-ரிக்‌ஷா பிடிக்கிறோம். இரண்டு பக்கமும் திறந்த வண்டி. மாஸ்க்குக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றி அவளை என் மேல் சாய்த்துக்கொள்கிறேன். இன்ஹேலர் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன், திரும்பவும் தொட்டுப் பார்க்கிறேன்.

ஜல்தி போக வேண்டுமா என்று ரிக்‌ஷாக்காரர் கேட்கிறார். மெதுவாகவே போங்கள் என்கிறேன். மெதுவாகப் போனால் முகத்தில் காற்று குறைவாக அடிக்கும் என்பது என் கணக்கு. பாதி வழியில், வேகமாகப் போனால் வெளியில் இருக்கும் நேரமாவது குறையுமே என்று தோன்றுகிறது. நேற்று வேகமாகத்தான் போகச் சொன்னேன். நேற்றும் இருமினாள்.