நமத்துப்போன கோதுமைக் கட்டிகள்

ஹபீபுல்லா சவூதி வேலையை முடித்துக்கொண்டு தென்காசிக்கே வந்துவிட்டபோது, மனைவி சாஜிதா முதல் நாள் காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் செய்து வைத்திருந்தாள். அவரோ பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே வைக்கோல் நிறத்தில், பாலில் போட்டதும் ஊறிவிடும் முழுக்கோதுமைக் கட்டிகள். இரண்டைக் கிண்ணத்தில் போட்டு, பச்சைப் பாலை ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டு முடித்தார்.

"எதுக்கு காலங்காத்தால கெடந்து சிரமப்படுத? எனக்கு இது போதும்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் சாஜிதா இடியாப்பத் தட்டை மூடி ஓரமாகத் தள்ளிவைத்தாள். அவர் அங்கே இருந்த காலமெல்லாம் தனியாளாக நின்று இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள் அவள். வீட்டுக்கு மாடி எடுத்ததும் அவள்தான். இனியாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எண்ணியிருந்தாள்.

"அண்ணாச்சிக்கு நாக்கு மரத்துப்போச்சு போல" என்று பக்கத்து வீட்டு மீனா சிரித்தாள். சாஜிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனியில் சாரல் பிடித்தது. மூடாமல் ஜன்னலோரம் இருந்த டப்பா முழுக்க நமத்துப்போனது. ஹபீபுல்லா முகம் வாடி அதைக் குப்பைக்கு எடுத்துப் போனார்.

"வச்சிருங்க, தூரப் போடாதீங்க" என்று சாஜிதா வாங்கிக்கொண்டாள்.

கட்டிகளை உதிர்த்து வெறும் சட்டியில் சிறு தீயில் வறுத்தாள். அடுப்படி முழுக்க கோதுமை வாசம். மிக்சியில் திரித்து, உப்புத் தண்ணீர் தெளித்துத் தேங்காய்ப்பூ சேர்த்து, புட்டுக்கு வைத்தாள். தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டதால் முதல் குழாய் களியாகிவிட்டது. அடுத்தது பொலபொலவென்று வந்தது.

நின்றபடியே புட்டில் பழத்தைப் பிசைந்து ஒரு வாய் வைத்த ஹபீபுல்லா, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இது என்ன மாவு?"

"உங்க டப்பாச் சாமான்தான்."

அவர் சிரித்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அங்கன ஒரு ரூமுல அத்தன பேரு, அடுப்பு ஒண்ணு. வரிசையில நின்னா வேலைக்குப் போற வண்டி போயிரும். அப்பப் பழகினது. நம்ம வீட்டு அடுப்பு எனக்காக எரியுதுங்கதே புத்தியில ஏறல, சாஜிதா."

சாஜிதா அவருக்கு இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாள். தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

மிச்ச மாவு கொத்துக்கறி கட்லெட்டுக்கு ஆனது. ரஸ்க் தூளுக்குப் பதில் அதில் புரட்டிப் பொரித்தாள். மேல்பக்கம் மொறுமொறுவென்று நின்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இருவரும் அதைக் கட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார்கள். குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டே அவர் ஒவ்வொன்றாகத் தின்றார்.

"இன்னும் இருக்கா?"

சாஜிதா தனக்கென்று வைத்திருந்ததைப் பிட்டுப் பாதியை நீட்டினாள்.